ஆட்டோகேட், ரெவிட்டை விட்டு மாறலாமா? விலையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்க!

'வருஷா வருஷம் சந்தா கட்டி மாளல, வேற சாஃப்ட்வேருக்கு மாறிடலாமா?' கட்டட வரைபடம் போடும் அலுவலகங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. சின்ன அலுவலகங்கள் மட்டும் இப்படிப் புலம்பவில்லை. 2020 ஜூலையில், லண்டனின் சாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களே ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ரெவிட்டுக்கான செலவு ஏறுகிறது, அதற்கேற்ற முன்னேற்றம் இல்லை என்பதுதான் புகார்.

பிடிக்கவில்லை என்றால் மாறிவிட வேண்டியதுதானே, எதற்குக் கடிதம்? அங்கேதான் விஷயமே இருக்கு.

திடீர்னு ஏன் இந்தச் சிக்கல்?

முன்பெல்லாம் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால், அதே வெர்ஷனைப் பல வருஷம் ஓட்டலாம். ஆட்டோடெஸ்க் 2016-ல் புதிதாக நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. ஸ்கெட்ச்அப்பும் 2020 நவம்பரில் அதே வழிக்கு வந்தது. இப்போது சந்தா நின்றால், பழைய ஃபைலை இலவச வியூவரில் பார்க்கலாம். ஆனால், திருத்திச் சேமிக்க முடியாது.

எந்த சாஃப்ட்வேர் எதுக்கு?

ஆட்டோகேட்: 1982-ல் வந்தது. கோடு போட்டு பிளான் வரைய இன்றும் பலருக்கு இதுதான் பழக்கம். இதன் ஃபைல் வடிவம் டிடபிள்யூஜி.

ரெவிட்: 2000-ல் வெளியாகி, 2002-ல் ஆட்டோடெஸ்க் கைக்கு வந்தது. பெரிய கட்டடங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. விண்டோஸில் மட்டுமே ஓடும்.

ஆர்க்கிகேட்: ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் உருவாக்கியது. ரெவிட்டுக்கு நேரடிப் போட்டி. மேக்கிலும் ஓடும்.

ஸ்கெட்ச்அப்: வீடு எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்கு 3டியில் சட்டென்று காட்ட வசதியானது.

பிரிக்ஸ்கேட்: பெல்ஜியத் தயாரிப்பு. டிடபிள்யூஜி ஃபைலிலேயே நேரடியாக வேலை செய்யும்.

ஃப்ரீகேட்: முற்றிலும் இலவசம். 1.0 வெர்ஷன் 2024 நவம்பரில் வந்தது. ஆனால், டிடபிள்யூஜி ஃபைலைத் திறக்க தனியாக ஒரு கன்வெர்ட்டர் தேவைப்படும்.

கோடா, சுவரா?

விலைப் பட்டியலை ஒப்பிடும் முன் புரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இது. ஆட்டோகேடில் சாதாரணமாக வரையும்போது சுவர் என்பது இரண்டு கோடுகள்தான். சுவரைத் தள்ளிப் போட்டால் பிளான், செக்‌ஷன், எலிவேஷன் என்று ஒவ்வொரு படத்திலும் நாம்தான் கையால் திருத்த வேண்டும்.

ரெவிட், ஆர்க்கிகேட் ஆகியவை 'பிம்' முறையில் இயங்குபவை. அவற்றில் சுவர் என்றால் சுவர்தான். அதன் உயரம், கனம், என்ன பொருளால் கட்டுவது என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஓர் இடத்தில் நகர்த்தினால் எல்லாப் படங்களும் தானாக மாறும். ஜன்னல் கணக்கும் மாறும்.

எனவே, ஆட்டோகேடில் இருந்து பிரிக்ஸ்கேடுக்குப் போவது பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறுவது மாதிரி. ஆட்டோகேடில் இருந்து ரெவிட்டுக்குப் போனால் வேலை செய்யும் முறையையே மாற்ற வேண்டும்.

ஃபைலைக் கொண்டுபோக முடியுமா?

ரெவிட்டில் இருந்து ஆர்க்கிகேடுக்கு மாறுவதுதான் இன்னும் கஷ்டம். பிம் சாஃப்ட்வேர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐஎஃப்சி என்ற பொதுவான ஃபைல் வடிவம் இருக்கிறது. அது ஐஎஸ்ஓ தரநிலையாகவும் வெளியிடப்பட்டிருக்கிறது. கட்டடத்தின் வடிவமும் விவரங்களும் அதில் போய்ச் சேரும். ஆனால், முதலில் வரைந்த சாஃப்ட்வேரில் இருந்த அதே சுலபத்தோடு திருத்த முடியும் என்று நம்பிவிடக் கூடாது. பல வருஷமாகச் சேர்த்த கதவு, ஜன்னல் லைப்ரரி, ஷீட் அமைப்பு எல்லாவற்றையும் பெரும்பாலும் திரும்ப உருவாக்க வேண்டியிருக்கும்.

ரெவிட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு. புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷனில் திறக்க முடியாது. உங்களோடு வேலை செய்யும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எந்த வெர்ஷன் வைத்திருக்கிறாரோ, அதையும் யோசித்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களே உடனே மாறாமல் கடிதம் எழுதியதற்கு இதெல்லாம் முக்கியக் காரணம். சந்தா கண்ணுக்குத் தெரியும் செலவு. பழைய ஃபைல்களும் ஊழியர்களின் கைப்பழக்கமும் பில்லில் வராத செலவு.

சரி, என்ன செய்யலாம்?

* ட்ரையல் வெர்ஷனில் புது வீடு வரைந்து பார்க்காதீங்க. முடித்துக் கொடுத்த பழைய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, ஒரு சுவரை நகர்த்தி, பிரிண்ட் எடுத்துப் பாருங்க. லேயர், எழுத்து, அளவு எது கலைந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

* இன்ஜினியர், கான்ட்ராக்டர், கட்டட அனுமதி தரும் அலுவலகம் ஆகியோர் எந்த ஃபைல் வடிவம் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்க.

* ஒரு வருஷ விலையை ஒப்பிடாமல், 5 வருஷச் சந்தாவைக் கூட்டுங்க. ஊழியர்கள் பழகும் வரை வேலை தாமதமாகும் நாட்களையும் அதில் சேருங்க.

* மாணவர் உரிமத்தை வைத்துச் சம்பாதிக்கும் வேலை செய்ய விதிகள் அனுமதிப்பதில்லை.

* நடந்துகொண்டிருக்கும் புராஜெக்டைப் பாதியில் மாற்றாதீங்க. அடுத்த சின்ன வேலையைப் புதியதில் தொடங்குங்க.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், பழைய சந்தா முடிவதற்கு முன்பே எல்லா ஃபைல்களையும் பிடிஎஃப், டிடபிள்யூஜி, ஐஎஃப்சி வடிவங்களில் எடுத்துத் தனியாகச் சேமித்துவிடுங்க. அஞ்சு வருஷம் கழித்து மாடி எழுப்ப பழைய வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது, அவர் வீட்டு பிளான் உங்கள் கையில் இருக்க வேண்டும்.