ஒரு நூல் இதயத்தின் விலை



சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தி, வெள்ளை நூலால் தானே பின்னிய ஓர் இதயத்தை வீட்டுக்குக் கொண்டு போனாள். அவளுடைய பாட்டி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெத்தல நல்லாத்தான் இருக்கு புள்ள, காம்பைத்தான் காணோம்" என்றாராம். மறுநாள் இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் பாட்டி சொன்னதுதான் சரி. அன்று முதல் எங்கள் வகுப்பில் அதற்கு 'வெற்றிலை' என்றே பெயராகிவிட்டது.

இந்த வெற்றிலையைப் பின்னும் கைவேலைக்கு டாட்டிங் என்று பெயர். ஷட்டில் என்ற ஒரு சின்னக் கருவிதான் இதற்கு முதல். பூப்பந்து ஆடும் ஷட்டில் அல்ல. தறியில் ஓடுகிறதே நாடா, அதன் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு வடிவில், விரல் நீளத்துக்கு இருக்கும். அதில் சுற்றிய நூலால் முடிச்சு முடிச்சாகப் போட்டு லேஸ் செய்வதுதான் டாட்டிங். மொத்தச் சாமானும் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். பருப்பு வேகும் நேரத்தில் பத்து முடிச்சு போடலாம். மேருவிலிருந்து கிள்ளானுக்குப் பேருந்தில் போய்ச் சேர்வதற்குள் அரை வெற்றிலை முடிந்துவிடும்!

மற்ற நாட்டார் இதற்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள். பிரெஞ்சுக்காரர் 'ஃப்ரிவோலிதே' என்கிறார்கள். அற்பச் சமாச்சாரம் என்று பொருள். இத்தாலியரின் 'கியாக்கியெரினோ'வோ வாயாடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெண்ணின் பத்து விரலும் வேலை செய்தாலும் அதற்குப் பெயர் வெட்டிப் பேச்சு! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தப் பேச்சு மறுபடியும் வரும்.

பின்னும் முறை

குரோஷா பின்னுகிற பருத்தி நூல் ஓர் உருண்டை வேண்டும். எண் ஏற ஏற நூல் மெலிதாகும். ஆகவே பழகுகிறவர்கள் 10ஆம் எண் நூலே வாங்குங்கள். 40, 80 எல்லாம் கை தேறிய பிறகு. ஷட்டில் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கெட்டி அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் பிளவு வைத்து நூலைச் சுற்றினால் அதுவே ஷட்டில். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்கினார்கள்.

ஷட்டிலில் நூலைச் சுற்றியபின் உருண்டையிலிருந்து அறுத்துவிடாதீர்கள். ஷட்டில் நூலை இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, மற்ற விரல்களைச் சுற்றி வளையமாகக் கொண்டுவந்து, அதே இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கை விரல்களின் மேல் ஷட்டில் நூல் கிடக்க, ஷட்டிலை வளைய நூலுக்குக் கீழே நுழைத்து மேலாகத் திரும்ப எடுங்கள். இது அரை முடிச்சு. அடுத்து, மேலே விட்டுக் கீழாக எடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு முடிச்சு.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு அரை முடிச்சிலும் ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்து, இடக்கை விரல்களைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அப்போது முடிச்சு இடம் மாறும். சுற்றிய நூல் நேராகிவிடும். நேராக இருந்த நூல் அதைச் சுற்றிக்கொள்ளும். மாறியிருந்தால், ஷட்டில் நூலை இழுக்கும்போது முடிச்சுகள் அதன்மேல் மணி போல் நகரும். மாறாவிட்டால் பூட்டிக்கொள்ளும், வளையம் மூடவே மூடாது. எனக்கு இது கைவர மூன்று வாரம் ஆயிற்று. நான் கற்றுக்கொடுத்த பிள்ளையோ ஒரே பிற்பகலில் போட்டுக் காட்டினாள்.

இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே கொஞ்சம் நூலை விட்டு, பிறகு நெருக்கித் தள்ளினால் சின்னக் கண்ணி ஒன்று எழும்பும். அதைப் பிக்கோ என்பார்கள். நாங்கள் 'காது' என்கிறோம்.

இனி வெற்றிலை. முதலில் வளையத்தில் 8 முடிச்சு, ஒரு காது, மறுபடி 8 முடிச்சு போட்டு இழுத்து மூடுங்கள். மூடிய வாய் மேலேயும் காது கீழேயும் இருக்கட்டும். இப்போது வேலையைப் புரட்டி, உருண்டை நூலை இடக்கை விரல்களின் மேல் போட்டுச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு, அதன்மேல் 3 முடிச்சு, காது, 3, காது, 3, காது, 9 என்று போடுங்கள். வளையத்தின் கீழ்க்காது வழியாக ஷட்டில் நூலைக் கண்ணியாக இழுத்து, அதனுள் ஷட்டிலை விட்டு இறுக்குங்கள். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் தலைகீழாக: 9, காது, 3, காது, 3, காது, 3. தொடங்கிய இடத்தில் இரண்டு நூலையும் கட்டி, நுனிகளை ஊசியால் முடிச்சுகளுக்குள் மறைத்து அறுங்கள். சோறு வடித்த கஞ்சியில் நனைத்து, துண்டின்மேல் குண்டூசி குத்திக் காய வையுங்கள். கைக்குட்டை மூலை, ரவிக்கைக் கை, புத்தக அடையாளம் என்று எதற்கும் ஆகும்.

கணக்குப் போட்ட கதை

அந்தச் சிறுமியின் தாய் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மகளைப் பார்த்து அவரும் கற்றுக்கொண்டார். என்னைவிட நேர்த்தியான கை. பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் அவருடைய வெற்றிலைகளைப் பார்த்து, 100 வேண்டும், ஒன்றுக்கு 1 வெள்ளி 50 காசு தருகிறேன் என்றார். அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பதினொரு மணிவரை விளக்கடியில் உட்கார்ந்து போட ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்துக் கண் எரிகிறது என்று என்னிடம் வந்தார். "எவ்வளவு நேரம் ஆகிறது ஒன்றுக்கு?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு டீச்சர் பார்த்தா? சும்மா இருக்கிற நேரந்தானே" என்றார்.

சும்மா இருக்கிற நேரமாம்! கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்கு 40 நிமிடம். நூறுக்கு 66 மணிக்கு மேல். வருமானம் 150 வெள்ளி. மணிக்கு 2 வெள்ளி 25 காசு; அதிலும் நூல் காசு அவருடையது. நம் நாட்டில் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். அந்த அம்மாள் கணக்குத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த 'சும்மா நேரம்' நம் பக்கத்துப் பேச்சு மட்டுமல்ல. ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் நர்சாப்பூர் என்ற ஊர் உண்டு. அங்கே பெண்கள் வீட்டிலிருந்தபடி குரோஷா லேஸ் பின்னுவார்கள். அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும். மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அவர்களிடையே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னும் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை, வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்றே பேசினார்கள், அதனால்தான் கூலி அவ்வளவு அடிமட்டத்தில் நின்றது, இலாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று என்று அதில் காட்டினார்.

அதற்கும் முன்னால் நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது வேறு கதை. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் பெண்கள் பள்ளியில் லேஸ் கற்றுக்கொடுத்தார். அது டாட்டிங் அல்ல. திண்டின்மேல் ஊசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் லேஸ். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்து வைத்து, அந்தப் பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அங்கேயும் இந்த வேலையைப் பரப்பினார்.

நம் தாய் கடைக்காரரிடம் போய், ஒன்று 6 வெள்ளி என்றார். அவர் சிரித்தார். முடித்திருந்த 22 வெற்றிலைகளோடு திரும்பி வந்துவிட்டார். பள்ளியின் கேன்டீன் தினத்தில் அதே விலைக்கு வைத்தோம், 14 விற்றன. கூட்டமாக வாங்கினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். விலையைக் கேட்டுவிட்டுப் போனவர்களே அதிகம். ஆனால் அவர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தொடங்கிய மணி, முடித்த மணி, நூல் காசு, யாருக்குக் கொடுத்தது என்று நான்கு பத்தி. இனாமாகக் கொடுத்ததைக்கூட எழுதுகிறார்.

பாட்டியும் தம் வெற்றிலைப் பைக்கு ஒன்று கேட்டிருக்கிறார். காம்போடு வேண்டுமாம். கடைசியில் 6 முடிச்சு கூடுதலாக நீட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.