கவருக்குள்ளே ஒரு கான்டெஸா!

பெசன்ட் நகரில் வாக்கிங் போகிறவரா நீங்கள்? வேப்பமரத்தடியில், கிழிந்த கவருக்குள் நீளமான பானெட்டோடு ஒரு கார் நிற்கிறதா? கொஞ்சம் குனிந்து பாருங்கள். கான்டெஸாவாக இருக்கலாம்!

நம்ம ஊர் 'மஸில் கார்' என்று ரசிகர்கள் கொண்டாடும் வண்டி. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரை வைத்து, 1984-லிருந்து 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. உடம்புதான் பயில்வான், ஆரம்பத்தில் உள்ளே இருந்ததோ அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின்! இசுஸு 1.8 லிட்டர் வந்த பிறகுதான் தோற்றத்துக்கேத்த ஓட்டம். அதனால், எந்த இன்ஜின் என்று முதலில் கேளுங்கள்.

பெயின்ட் போயிருந்தால் பரவாயில்லை, அடிச்சுக்கலாம். எலியட்ஸ் பீச் உப்புக்காற்று அடியில்தான் வேலையைக் காட்டும். கதவுக்குக் கீழே, டிக்கி மேட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்துங்கள் (ஓனர் அனுமதியோடு!). உள்ளே இறங்கினால் டிங்கரிங் செலவு கார் விலையையே தாண்டலாம்.

சாவி கிடைத்ததும் செல்ஃப் அடிக்காதீர்கள். பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழுவி, ஆயில் மாற்றிய பிறகுதான் அதெல்லாம்.

'வின்டேஜ்' பதிவு 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான். கான்டெஸாவுக்கு இன்னும் அந்த வயசாகலை. எஃப்.சி காட்டி, ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம், பெல் அடித்ததும் "விக்கிறீங்களா சார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்த வருஷ மாடல் சார்?" என்று கேளுங்கள். காபியே கிடைக்கலாம்!