கட்டடங்களின் வளியிறுக்கமும் அதனைச் சோதித்தலும்

கதவுகளையும் யன்னல்களையும் நன்றாகச் சாத்திய பின்னரும் ஒரு கட்டடத்தினுள்ளே வளி சென்றுவரும். சுவரும் கூரையும் சேருமிடம், யன்னற் சட்டத்தின் ஓரம், நீர்க்குழாய்களும் மின்வடங்களும் சுவரைத் துளைத்துச் செல்லுமிடம் ஆகியன இதற்கான வழிகளாகும். இவ்வாறு வேண்டாத இடைவெளிகளினூடாக வளி செல்லுதல் வளிக்கசிவு எனப்படும். கசிவு குறைந்த கட்டடம் வளியிறுக்கம் கூடிய கட்டடமாகும்.

குளிர்நாடுகளில் இதன் விளைவு பாரதூரமானது. மாரிகாலத்தில் வெப்பமாக்கப்பட்ட வளி வெளியேற, குளிர்ந்த வளி உள்ளே வருகின்றது. அதனை மீண்டும் வெப்பமாக்க எரிபொருள் செலவாகும். வெளியேறும் ஈரமான வளி சுவரினுள்ளே குளிர்ந்து ஒடுங்குவதால் பூஞ்சணம் வளரும், மரப்பகுதிகள் உக்கும். பெரிய கடைகள், அலுவலகங்கள் போன்றவற்றில் வேலை முடிந்து சுவர்கள் மூடப்பட்ட பின்னர் இடைவெளிகளைத் தேடி அடைப்பது மிகுந்த செலவானது. எனவே கட்டடத்தைக் கையளிக்க முன்னரே சோதனை செய்யப்படுகின்றது.

சோதனையின் தத்துவம்

வெளிவாசல் ஒன்றில் வளி புகாத துணியும் சட்டமும் பொருத்தி, அதில் ஒரு விசிறி வைக்கப்படும். விசிறி வளியை உள்ளே தள்ளும்போது உள்ளமுக்கம் வெளியமுக்கத்தை விடக் கூடுகின்றது. அமுக்க வித்தியாசம் மாறாது நிற்கும்போது, விசிறியால் உள்ளே வரும் வளியின் அளவும் இடைவெளிகளால் வெளியேறும் வளியின் அளவும் சமனாகும். இடைவெளிகளைத் தனித்தனியே அளக்க முடியாது. ஆனால் விசிறியினூடான பாய்ச்சலை அளக்கலாம். இச்சோதனையின் அடிப்படை இதுவே.

செய்முறை

1. வெளிக்கதவுகளையும் யன்னல்களையும் மூடுக. முழுக் கட்டடமும் ஒரே அறைபோல இருக்குமாறு உட்கதவுகளைத் திறந்துவிடுக.
2. காற்றோட்ட இயந்திரங்களை நிறுத்தி, அவற்றின் வாய்களைத் தற்காலிகமாக அடைக்குக. கழிவுநீர்க் குழாய் வளைவுகளில் நீர் நிற்பதை உறுதிசெய்க.
3. விசிறியை இயக்காது, காற்றினாலும் வெப்பநிலை வித்தியாசத்தினாலும் ஏற்கெனவே உள்ள அமுக்க வித்தியாசத்தை அளக்குக.
4. விசிறியின் கதியை மாற்றி, பல அமுக்க வித்தியாசங்களுக்குரிய பாய்ச்சல் வீதங்களைப் பெறுக. பெரிய கட்டடங்களுக்குப் பல விசிறிகள் தேவைப்படலாம்.
5. வரைபு வரைந்து, 50 பஸ்காலுக்குரிய பாய்ச்சல் வீதத்தைப் பெறுக.

ஏன் 50 பஸ்கால்?

50 பஸ்கால் என்பது 5 மில்லிமீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கமாகும். கட்டடத்துக்கு இதனாற் சேதமில்லை. ஆயினும் சாதாரண நாளொன்றில் காற்றினால் ஏற்படும் அமுக்க வித்தியாசத்தை விட இது பெரிதாகையால், அளவீட்டில் வழு குறைகின்றது. பலத்த காற்று வீசும்போது சோதனை செய்வதில்லை. 2 சதுர மீற்றர் பரப்புள்ள கதவின் மீது இவ்வமுக்க வித்தியாசம் தரும் விசை:

விசை = அமுக்கம் × பரப்பளவு = 50 × 2 = 100 நியூற்றன்

உதாரணக் கணக்கு

இரு மாடிக் கடையொன்றின் நீளம் 40 மீற்றர், அகலம் 20 மீற்றர், உயரம் 10 மீற்றர். 50 பஸ்காலில் பாய்ச்சல் வீதம் மணித்தியாலத்திற்கு 25 200 கனமீற்றர்.

சுவர்களின் பரப்பளவு = 2 × (40 + 20) × 10 = 1200 சதுர மீற்றர்
கூரையும் நிலமும் = 2 × 40 × 20 = 1600 சதுர மீற்றர்
மொத்தம் = 2800 சதுர மீற்றர்
வளி ஊடுபுகவிடுமியல்பு = 25 200 ÷ 2800 = 9

அதாவது, ஒரு சதுர மீற்றரினூடாக மணித்தியாலத்திற்கு 9 கனமீற்றர் வளி கசிகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2002 இல், 1000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட தளப்பரப்புள்ள புதிய கட்டடங்களுக்கு இவ்வெல்லை 10 ஆக இருந்தது. இங்கிலாந்தில் 2022 யூனில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி எல்லை 8 ஆகும். எனவே இக்கடை பழைய விதியின்படி சித்தியடையும்; புதிய விதியின்படி சித்தியடையாது.

கசிவிடங்களைக் கண்டறிதல்

சித்தியடையாத கட்டடத்தில், உள்ளமுக்கத்தைக் கூட்டிவைத்துச் சுவரோரமாகப் புகை விடப்படும். புகை இழுபட்டுச் செல்லுமிடமே இடைவெளி. உள்ளமுக்கத்தைக் குறைத்து, செந்நிறக்கீழ்க் கதிர்க் கமெராவினால் பார்த்தால், குளிர்வளி புகுமிடங்கள் வேறு நிறத்திற் தோன்றும்.

கவனிக்க: வளிக்கசிவும் காற்றோட்டமும் ஒன்றல்ல. காற்றோட்டம் திட்டமிட்ட வழியால் தேவையான அளவு நடைபெறுவது, கசிவு கட்டுப்பாடற்றது. கசிவை அடைத்துவிட்டுக் காற்றோட்டத்துக்கு வழிசெய்யாதுவிடின், காபனீரொட்சைட்டும் ஈரமும் உள்ளே சேர்ந்து, அங்கு வேலை செய்வோரின் நலத்தைப் பாதிக்கும். விடை எழுதும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுக.

பயிற்சி

1. சோதனையின்போது உட்கதவுகள் திறந்திருக்க வேண்டியது ஏன்?
2. மேலுள்ள கடை 8 என்னும் எல்லையை அடைய, 50 பஸ்காலில் பாய்ச்சல் வீதம் எவ்வளவால் குறைய வேண்டும்? (விடை: மணித்தியாலத்திற்கு 2800 கனமீற்றர்)