மின்கலத்தை மாற்றினால் ஆக்கவுரிமை கிடைக்குமா?

தொலைக்காட்சியின் ரிமோட் கொன்ட்ரோலில் உள்ள மின்கலங்களை அகற்றிவிட்டு, சூரிய ஒளியில் இயங்கும் மின்கலம் ஒன்றை ஒரு மாணவர் பொருத்துகிறார் என வைத்துக்கொள்வோம். கருவியும் நன்றாகவே இயங்குகின்றது. இதற்கு ஆக்கவுரிமை கிடைக்குமா? கிடைக்காது என்றே கூற வேண்டியுள்ளது. கருவி பயனற்றது என்பது அதற்குக் காரணமன்று.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஏனைய நாடுகளின் சட்டங்களைப் போன்றே, மூன்று விடயங்களை எதிர்பார்க்கின்றது. கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும். கைத்தொழிலில் பயன்படுத்தத்தக்கதாக இருத்தல் வேண்டும். அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும். இங்கு புதுமை என்பது எமது ஊருக்கோ நாட்டுக்கோ புதுமையானதல்ல. உலகில் எங்கும் முன்னர் வெளிவராததையே அது குறிக்கும். சூரிய ஒளியில் இயங்கும் கணிப்பான்கள் 1970களிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. சம்சுங் நிறுவனம் 2021இல் சூரிய மின்கலம் பொருத்திய ரிமோட்டையே வெளியிட்டது.

அப்படியாயின் மின்சக்தி சார்ந்த விடயங்களுக்கு ஆக்கவுரிமையே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் ஸெனித் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ரிமோட்டில் மின்கலமே இருக்கவில்லை. மின்கலம் தீர்ந்துபோனால் தொலைக்காட்சியே பழுதடைந்துவிட்டதாக வாடிக்கையாளர் எண்ணிவிடுவர் என்பது விற்பனைப் பிரிவினரின் அச்சம். அதற்கு முந்திய ஆண்டில் வந்த, ஒளிக்கற்றையால் இயக்கும் முறையோ வெயில் பட்டாலே அலைவரிசையை மாற்றிவிட்டது! எனவே, ரொபர்ட் அட்லர் ஒலியை நாடினார். பொத்தானை அழுத்தியதும் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியக் கோலைத் தட்டும். காதுக்குக் கேளாத மீயொலி எழும். நான்கு கோல்கள், நான்கு கட்டளைகள். விரலின் விசையே அதன் சக்தி மூலமாயிற்று. ஆனால் அவ்வொலியைப் பிரித்தறியத் தொலைக்காட்சிக்குள் மேலும் ஆறு வெற்றிடக் குழாய்கள் தேவைப்பட்டதால் விலை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது. 1957இல் அட்லருக்குக் கிடைத்த ஆக்கவுரிமை 'கட்டுப்பாட்டு முறைமை' ஒன்றுக்கானது. மின்கலம் வேண்டாம் என்ற வெறும் எண்ணத்துக்கானதல்ல.

எமது மாணவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. வீட்டினுள் கிடைக்கும் ஒளி மங்கலானது. அதிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. சமிக்ஞை அனுப்பும் கணத்திலோ ஒப்பீட்டளவில் பெரிய மின்னோட்டம் தேவை. சிறிது சிறிதாகச் சேமித்து உரிய கணத்தில் விடுவிக்கும் மின்சுற்றை எவரும் எண்ணாத வகையில் அவர் அமைத்திருந்தால், உரிமை கோரவேண்டியது அந்த அமைப்புக்கே. கிடைத்தால், ஆண்டுக் கட்டணம் செலுத்திவரும்வரை, விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அது செல்லுபடியாகும்.

விண்ணப்பிக்கும் முன்னர் கருவியைக் கண்காட்சியில் வைப்பதும் அதன் உள்ளமைப்பைப் பத்திரிகையாளருக்கு விளக்குவதும் ஆபத்தானவை. கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் பல நாடுகளில் அதன் புதுமை அற்றுப்போகும்.