தறப்பாளுக்குப் பின்னால் தீபாவளி

விடியற்காலை நாலரை மணி. பலாங்கொடை டவுனில் காக்காகூட எழும்பியிருக்காது என்று நினைத்து வந்தால், நடைபாதை முழுக்க ஆள்! வாங்க, குனிந்து உள்ளே வாங்க. தீபாவளிக் கடைகளை முன்பக்கமாக நின்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்றைக்குப் பின்பக்கம் நுழைய இடம் கிடைத்திருக்கிறது, விடுவோமா?

2025 ஒக்டோபர் 19, ஞாயிறு. நாளை விடிந்தால் பண்டிகை. புறக்கோட்டையிலிருந்து இரவோடு இரவாக வந்த லொறியிலிருந்து துணி மூட்டைகள் தொப் தொப்பென்று விழுகின்றன. ஒருவர் மூங்கில் கம்பு கட்டுகிறார். இன்னொருவர் வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு பல்ப் மாட்டுகிறார். பிரிக்காத மூட்டைமேல் ஒரு பையன் குறட்டை விடுகிறான். கீழே ஹேங்கர் குவியல், கிழிந்த பொலித்தீன், பாதி குடித்த பிளேன்டீ. பார்த்துக் கால் வையுங்கள்!

கடைக்கார அண்ணன் சிங்களவர். வாயைத் திறந்தாலோ அசல் தோட்டத்துத் தமிழ். "வாங்கக்கா வாங்க, புள்ளைக்கு எத்தன வயசு?" என்று ஆளில்லாத ரோட்டைப் பார்த்துக் கூவித் தொண்டையைப் பதம் பார்க்கிறார். பக்கத்துக் கடை நானா சிரிக்கிறார்: "கத்தாதீங்க, நாய்தான் வரும்!"

கிம்புலாபிட்டியப் பட்டாசு விற்பவர் பாவம். பீடி பிடிக்க ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடுகிறார். ஒவ்வொரு தடவையும் மற்றக் கடைக்காரர்கள் கைதட்டி வழியனுப்புகிறார்கள்.

பண்டிகைச் சந்தை நமக்கு மட்டுமா? ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து நத்தார் சந்தை 1434 முதல் நடக்கிறது. அங்கே மரக் கடை, சூடான திராட்சை மது, பனிக்குளிர். நமக்கு ஒக்டோபர் மழை. பின்னேரம் இடி இடித்தால் தறப்பாள் வயிறு தள்ளிவிடும். அதைக் குச்சியால் குத்தித் தண்ணீரை ரோட்டுப் பக்கம் சாய்க்கவே ஒரு ஆள் நிற்கிறார். இந்த மழை தோட்டத்தையும் விடுவதில்லை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், இல்லை.

முதல் பஸ் வந்ததும் பாருங்கள், தெருவே மாறிவிடுகிறது! தோட்டத்துச் சனம் தீபாவளி முற்பணத்தை மடியில் முடிந்துகொண்டு இறங்குகிறது. பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் காசு அது. 2025 ஒக்டோபரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு கவுனின் விலையே அதைத் தாண்டுகிறது. அதனால்தான் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்க்கிறார்கள்.

கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஓர் அக்கா பையிலிருந்து மூன்று ஈர்க்குத் துண்டுகளை எடுக்கிறார். லயத்தில் விட்டுவந்த மூன்று பிள்ளைகளின் பாத அளவு! ஒவ்வொன்றாகப் பாட்டாவுக்குள் வைத்துப் பார்க்கிறார். நடு ஈர்க்கு ஒரு நகமளவு இடிக்கிறது. "வளர்ற புள்ள, அடுத்த சைஸ் குடுங்க." கடைக்காரர் மூட்டைக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து தேடுகிறார், கால் மட்டும் வெளியே! அண்டையில் ஒரு தாத்தா காற்சட்டை இடுப்பைக் கழுத்தில் சுற்றி அளக்கிறார். அந்த அளவு தப்பாது என்பது அவர் நம்பிக்கை.

பத்து மணிக்குள் சின்னப் பிள்ளைகளின் சைஸ் முடிந்துவிட்டது. கடைக்காரர் இன்னும் சாப்பிடவில்லை. பாண் பொட்டலம் காசுப் பெட்டிமேல் அப்படியே இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு பலாங்கொடையோ யட்டியாந்தோட்டையோ, எங்கே போனாலும் முதல் பஸ்ஸிலேயே போங்கள். மூட்டை பிரியும்போது பக்கத்தில் நிற்பவருக்குத்தான் நல்ல துணி.