வாஞ்சூர் தாண்டினால் வேறு சட்டம்

சனிக்கிழமை சாயங்காலம். நாகூர்க்காரர் ஒருவர் பைக்கில் வாஞ்சூர் வந்து நாலு பாட்டில் வாங்குகிறார், பில்லும் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். புதுச்சேரியின் காரைக்கால் மண்ணில் அதில் தப்பே இல்லை. வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் போனதும் தமிழ்நாடு போலீஸ் கையைக் காட்டுகிறது. அங்கே நடப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். டாஸ்மாக் கடைகள் வந்த பிறகும் அந்தச் சட்டம் செத்துப்போகவில்லை. புதுச்சேரிச் சரக்கை அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். பில்லை எடுத்து நீட்டினால், சரக்கு எங்கே வாங்கியது என்பதற்கு அவரே சாட்சி சொன்ன மாதிரி!

“வாரண்ட் இருக்கா?” என்ற கேள்வி சினிமாவில் எடுபடும். சாலையில் எடுபடாது. சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130வது பிரிவு. டிஜிலாக்கர், எம்பரிவாகனில் உள்ள ஆவணங்களும் செல்லும். பையைத் திறந்து பார்ப்பதற்கான அதிகாரம் வேறு சட்டங்களிலிருந்து வருகிறது. மதுவிலக்கு, போதைப்பொருள் வழக்குகளில், அதுவும் நடுரோட்டில், பெரும்பாலும் வாரண்ட் தேவைப்படாது.

சரி, சோதனையே முறைகேடாக நடந்திருந்தால்? இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். அமெரிக்காவில் முறைகேடாகக் கைப்பற்றிய பொருளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1961லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 1973இல் பூரன்மல் வழக்கில் வேறு வழியில் போனது. சோதனையில் குறை இருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டது என்றால் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. “சட்டப்படி சோதிக்கலை, கேஸ் நிக்காது” என்று டீக்கடையில் தைரியம் சொல்பவரை நம்பிப் போகாதீர்கள்.

முக்கியமான விதிவிலக்கு போதைப்பொருள் சட்டத்தின் 50வது பிரிவு. உடம்பைத் தடவிச் சோதிக்கும் முன், “கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உடம்பிலிருந்து எடுத்ததை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் கையில் தொங்கும் பை “உடம்பு” ஆகாது என்றது 2005இல் வந்த பவன்குமார் தீர்ப்பு. கஞ்சா இடுப்பில் இருந்ததா, பையில் இருந்ததா என்பதிலேயே ஒரு வழக்கு நிற்கும் அல்லது விழும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் கோர்ட்டில் மதிப்பில்லை. போதைப்பொருள் வழக்கை விசாரிக்கும் மற்றத் துறை அதிகாரிகளுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கு.

ஆக, நம்மைக் காப்பது வாக்குவாதம் அல்ல, கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகசர். எத்தனை பாட்டில், எந்த இடம், எத்தனை மணி, யார் சாட்சி எல்லாம் அதில் இருக்கும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மணி தப்பாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள். திருத்த மறுத்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 105வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அந்த வீடியோ எங்கே என்பது வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண் போலீஸ்தான்.

அபராதத்தைவிட வண்டிதான் ஆளை அடிக்கும். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் பைக்குகளைப் பாருங்கள். கடற்காற்றில் செயின் துருவேறி, சக்கரக் கம்பியில் கொடி சுற்றி, சீட் கிழிந்து மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். வண்டிகளை இப்படி ஸ்டேஷனில் கிடத்திவைத்து என்ன பயன் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே கேட்டது. போட்டோ எடுத்து, பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்றது. போதைப்பொருள் வழக்கிலும் வண்டியை இடைக்காலமாக விடத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தே வழக்கு தெளிவாக்கியது. கடனில் வாங்கிய லாரி அது. உரிமையாளரின் பிழைப்பே அதை நம்பித்தான் இருந்தது.

நாகூர் எல்லையில் பிடித்த வண்டிக்கு மனுவைக் காரைக்கால் கோர்ட்டில் போட்டால் வேலைக்காகாது. நாகப்பட்டினம் போக வேண்டும். மதுவிலக்குச் சட்டப்படி பறிமுதல் நடவடிக்கை தனியாக ஓடும். உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே பறிமுதல் செய்யலாம். நோட்டீஸைப் பீரோவில் வைத்து மறந்துவிட்டால் வண்டி ஏலத்துக்குப் போய்விடும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்கு போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

இன்னொரு சங்கதி. கோர்ட் முதலில் பார்ப்பது ஆர்.சி.யில் யார் பெயர் என்று. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாமலே நாலு வருஷம் ஓட்டியிருப்போம். மனுப் போடும் நேரத்தில், வண்டியை விற்றவர் துபாயில் இருப்பார்.