கோணிய கூலிங் கிளாஸ்

1983இல் வந்த ஹாலிவுட் படம் 'ரிஸ்கி பிசினஸ்'. அதில் டாம் குரூஸ் போட்டிருந்த ரே-பான் வேஃபேரர் கூலிங் கிளாஸ், 1950களிலேயே கடைக்கு வந்த மாடல். படம் வந்ததும் விற்பனை எகிறியது! 1986இல் 'டாப் கன்', ரே-பானின் ஏவியேட்டர் மாடலுக்கு அதே யோகத்தைக் கொடுத்தது. இன்றும் இரண்டையும் தேடிச் சேகரிக்கிறார்கள்.

உங்களிடமும் அப்படியொரு பழைய கூலிங் கிளாஸ் இருந்தால், அதன் பிரேமை விரித்து மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். காதில் மாட்டும் ஒரு பக்கம் தூக்கி நின்றால், பிரேம் கோணியிருக்கிறது. அசிடேட் என்னும் பிளாஸ்டிக் பிரேம் என்றால், கோணிய இடத்தை மட்டும் சுடுநீரில் சிறிது நேரம் வையுங்கள்; லென்ஸில் சூடு படக்கூடாது. இளகியதும் மெல்ல நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருங்கள். நெருப்பில் மட்டும் காட்டிவிடாதீர்கள், கருகிவிடும். மெட்டல் பிரேமில் பற்றவைத்த இடம் சட்டென்று முறியும். அதைக் கண்ணாடிக் கடைக்காரரிடமே கொடுங்கள்.